மடக்குக் கத்தியும் மடக்கெழுத்தாணியும்

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சாண் நீளங்கூட இல்லாதது. சட்டைப்பையிலோ வேட்டி மடிப்பிலோ அடங்கிவிடுவது. மடக்குக் கத்தி என்றும் பேனாக்கத்தி என்றும் அதனை வழங்குகிறோம். வாளையும் வேலையும் பாடிய புலவர் பலர். பென்சில் சீவவும், மாங்காய் நறுக்கவும், மூட்டைக் கயிற்றை அறுக்கவும் பயன்பட்ட இச்சிறு கருவியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் எளிய மக்களின் அன்றாட வாழ்வை அறிவதற்கு அரண்மனை வாளைக் காட்டிலும் இதுவே நல்ல சான்று எனலாம்.

மேனாடுகளில் பழைய மடக்குக் கத்திகளைத் தேடிச் சேர்ப்போர் பலர் உளர். அவர்கள் பெரிதும் விரும்புவது பார்லோ என்னும் வகை. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்தில் பதினேழாம் நூற்றாண்டில் கத்தி செய்து வந்த ஒரு குடும்பத்தாரின் பெயர் இதற்கு நிலைத்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இக்கத்தி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் பெருவாரியாகச் சென்றது. பின்னர் அங்கேயே ரஸ்ஸல் கம்பெனியார் முதலியோர் இதனைச் செய்தனர். மார்க் டுவைன் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டாம் சாயர்' என்னும் கதையில், வேதப் பாடத்தை ஒப்பித்த சிறுவனுக்கு அவன் உறவினளான மேரி பரிசாகத் தருவதும் ஒரு பார்லோ கத்தியே. அதன் விலை பன்னிரண்டரை சென்டு. பணக்காரர் பொருளாக அன்றி, சிறுவரும் உழவரும் வைத்துக்கொள்ளத்தக்க பொருளாக இருந்ததே அதன் பெருமை.

பார்லோவை அடையாளம் காண்பது எளிது. கைப்பிடி நீர்த்துளிபோல் ஒருபுறம் ஒடுங்கி மறுபுறம் அகன்றிருக்கும். அலகு சுழலும் இடத்தில் இரும்புப் பூண் நீளமாகச் சென்று, பிடியின் மூன்றில் ஒரு பங்கை மூடியிருக்கும். மடக்குக் கத்தியில் முதலில் தளர்ந்து போவது இந்தச் சுழலாணி உள்ள இடமே. ஆதலின், மலிவான கத்தியானாலும் அவ்விடத்தில் இரும்பைச் சற்றுத் தாராளமாக வைத்தனர். அழகுக்காக வைத்ததன்று அந்தப் பூண், உழைப்பதற்காக வைத்தது. எஞ்சிய பிடிக்கு வாளால் அறுத்த எலும்புத் தகடு. பளபளப்பில்லை, வேலைப்பாடில்லை. இந்த எளிமையே இன்று அதனைத் தேடுவோரை ஈர்க்கிறது.

இவற்றைக் காணும்போது தமிழருக்கு உரிய வேறொரு கருவி நம் நினைவுக்கு வருகிறது. ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணிகள் பலவகையாக இருந்தன. குண்டெழுத்தாணி தலைப்பக்கம் உருண்டு கனமாக இருப்பது. வாரெழுத்தாணியின் ஒரு முனையில் எழுதும் கூரும், மறுமுனையில் ஓலையை வாரிச் சீர்செய்யும் கத்தியும் இருக்கும். மடக்கெழுத்தாணியோ இவ்விரண்டையும் ஒரு பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளும்படி அமைந்தது. ஊர் ஊராகச் சென்ற புலவரும் கணக்குப்பிள்ளையும் இதனை மடியில் செருகிக்கொண்டு நடந்தனர். மேனாட்டிலும் இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்று ஏற்பட்டதே பேனாக்கத்தி. அங்கே இறகு, இங்கே ஓலை. எழுதுகின்றவன் கையில் கத்தியும் இருக்க வேண்டும் என்ற தேவை இரண்டிடத்தும் ஒன்றே. நம் நாட்டுக் கருவியில் எழுதுகோலும் கத்தியும் ஒரே பிடிக்குள் குடியிருந்தன என்பது தனிச் சிறப்பு.

இரும்பின் கதையோ இன்னும் வியப்புடையது. கொடுமணல் அகழாய்வில் பழங்காலத்து இரும்பு உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. மூடிய மண்குகையில் இரும்பை உருக்கி எஃகு செய்யும் முறை தென்னாட்டில் நெடுங்காலம் வழங்கியது. உக்கு என்று தெலுங்கரும் கன்னடரும் கூறும் அந்த எஃகையே ஐரோப்பியர் ஊட்ஸ் என்று எழுதினர். 1795ஆம் ஆண்டில் ஜார்ஜ் பியர்சன் என்னும் அறிஞர் இலண்டன் இராயல் சங்கத்தில் இந்த எஃகைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை படித்தார். அந்த ஆராய்ச்சிக்காக ஸ்டோடர்ட் என்னும் இலண்டன் கத்திக் கொல்லர் இவ்வெஃகை அடித்து என்ன செய்து காட்டினார் தெரியுமா? ஒரு பேனாக்கத்தி! அவரே பின்னர் மைக்கேல் ஃபாரடே என்னும் பெருவிஞ்ஞானியுடன் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்.

இன்னொரு செய்தியும் உண்டு. சென்னை மாகாணத்தில் கும்பினி ஊழியராக இருந்த ஜோசையா ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்துக் கனிமத்தைக் கொண்டு வேலை செய்த அம்முயற்சி நிலைக்கவில்லை. தாயகம் திரும்பிய அவர், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். ஷெபீல்டு எஃகுத் தொழிலுக்கு அது பேருதவியாயிற்று. ஆகவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஷெபீல்டு கத்தி ஒன்று நம் கைக்கு வருமாயின், அதனை முழுதும் அந்நியப் பொருள் என்று ஒதுக்குவதற்கில்லை.

நாம் இப்பொருளைப் பற்றி எண்ணத் தொடங்கிய இடம் இராமகுப்பம். சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், தமிழகமும் கருநாடகமும் நெருங்கி வரும் எல்லையில் உள்ள ஊர் அது. தமிழர் குடிபெயர்ந்து சென்று உழைத்த கோலார் தங்கவயலும் அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அப்பகுதியில் புளியும் கேழ்வரகும் மல்பெரியும் விளைகின்றன. பட்டுப்புழு இளங்குஞ்சாக இருக்கையில் மல்பெரி இலையைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் இடவேண்டும். அதற்குக் கத்தியின் கூர் தவறக்கூடாது. ஒரே கடைத்தெருவில் மூன்று மொழிகள் கேட்கும் அந்த நாட்டில், கத்தி என்னும் சொல்லை எவருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நாம் பாக்குவெட்டி என்பதைத் தெலுங்கர் அடகத்தெர என்கின்றனர். கன்னடர் அடகத்தரி என்கின்றனர். இன்னும் வடக்கே சென்றால் மராட்டியர் அடகித்தா என்கின்றனர். பாக்குக்கு நாம் வழங்கும் அடைக்காய் என்னும் பழஞ்சொல்லின் உறவு இவற்றில் ஒலிக்கிறது. கருவி ஊர் பெயரும்போது சொல்லும் உடன் பெயர்கிறது, மனிதரும் அப்படித்தானே!

வெளி மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கு இவற்றைக் காண நல்ல வாய்ப்புகள் உண்டு. புனேயில் வாழ்வோர் இராஜா தினகர் கேல்கர் காட்சிச்சாலைக்குச் செல்லலாம். தினகர் கேல்கர் என்ற தனி மனிதர் வீடு வீடாகத் தேடிச் சேர்த்த விளக்குகளும் பாக்குவெட்டிகளும் அங்கே உள்ளன. கிளி வடிவிலும் குதிரை வடிவிலும் மனித வடிவிலும் பாக்குவெட்டி செய்த கொல்லனின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். அகமதாபாத்தில் உள்ள பாத்திரக் காட்சிச்சாலையிலும் இத்தகைய வீட்டுப் பொருள்கள் இருக்கின்றன. ஐதராபாத்தின் சாலார்ஜங் காட்சிச்சாலையில் நூர்ஜஹானின் பழக்கத்தி என்று காட்டப்படும் ஒன்று உண்டு. வடக்கே இராம்பூர் மடக்குக் கத்திக்குப் பேர்போனது. 2023ஆம் ஆண்டில் அந்நகரத்தார் ஒரு நாற்சந்தியில் ஏறத்தாழ இருபதடி நீளமுள்ள கத்தியையே சின்னமாக நிறுவினர். திருப்பதி செல்வோர், 1939இல் தேவஸ்தானத்தார் தொடங்கி, இப்போது பல்கலைக்கழகத்தோடு இணைந்துள்ள கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி அறிந்துகொள்வது நன்று. அங்குள்ள ஓலைச்சுவடி ஒவ்வொன்றுக்கும் பின்னே ஓர் எழுத்தாணியும் ஒரு கத்தியும் உழைத்திருக்கின்றன.

ஓலைகளைத் தேடித் திரட்டிக் காத்தவர் பலர் இருந்தமையால் நூல்கள் பிழைத்தன. அவற்றை எழுதிய கருவிகளுக்கு அத்தகைய நல்லூழ் வாய்க்கவில்லை. ஊரில் பழைய வீட்டை விற்கும்போதோ இடிக்கும்போதோ முதலில் வெளியேறுவது இரும்புச் சாமான்களே. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் குரல் கேட்ட காலத்தில், எத்தனை மடக்கெழுத்தாணிகள் ஒரு கைப்பிடிப் பழத்துக்குப் போயினவோ! இன்று பழம் இல்லை. தராசு மட்டும் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் நாம் இரண்டு நாள் விடுப்பில் சென்று, பத்திரத்தில் கையெழுத்திட்டுத் திரும்புகிறோம். அப்பெட்டியின் அடியில் என்ன கிடந்தது என்று பார்ப்பதற்கு நேரமிருப்பதில்லை.

அப்படி ஒன்று கிடைத்தால், அதனைப் பேணும் முறை எளிது. உடனே மணல்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட வேண்டா. பழைய எஃகு அலகு புளிப்புப் பட்டுக் கருநீல நிறம் கொள்ளும். அது பழுதன்று, பயன்பட்டதன் அடையாளம். சிவந்து உதிரும் துருவை மட்டும் எண்ணெய் தோய்ந்த துணியால் மெல்லத் துடைத்தெடுக்கலாம். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி சுழலாணியில் விட்டால் போதும். அலகின் அடியில் கொல்லனின் முத்திரை இருந்தால் அதனைத் தேய்ந்துபோக விடலாகாது. ஈரத்தோடு மடக்குதல் கூடாது. சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் அலகு குறைந்துவிடும் ஆதலின், பார்வைக்காக வைப்பதற்குக் கூர் தீட்டத் தேவையில்லை.

சட்டம் என்ன சொல்லும் என்ற ஐயம் சிலருக்கு எழலாம். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகுகளையே கருத்திற் கொள்கின்றன. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் உரிய கருவிகளுக்கு அவை விலக்கு அளிக்கின்றன. பேனாக்கத்தி அந்த அளவை எட்டாது. எனினும் விமானத்தில் செல்வோர் எச்சிறு கத்தியையும் கைப்பையில் வைக்கலாகாது. சரக்கோடு அனுப்பும் பெட்டியில் வைத்தலே முறை. குழந்தைகள் கைக்கு எட்டாதபடி வைக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றினும் முக்கியமான செயல் ஒன்று உண்டு. ஒரு சிறு தாளில், இது யாருடைய கத்தி, எந்த ஊரில், என்ன வேலைக்குப் பயன்பட்டது, எப்போது நம் கைக்கு வந்தது என்று எழுதி அதனோடு வைத்துவிடுங்கள். பெயர் தெரியாத கத்தி இரும்பு மட்டுமே. பாட்டனார் வெற்றிலைத் தோட்டத்தில் பயன்படுத்தியது என்ற ஒரு வரி சேர்ந்தால் அது குடும்பச் சாசனமாகிவிடும். அந்த வரியைச் சொல்லத்தக்க பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது அவர்களிடம் கேட்டுவிடுங்கள்; தள்ளிப்போட வேண்டா.