சேனையும் கேஸ் ஷீட்டும்

ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய பிறகும் பழக்கத்தில் போர்ட் பிளேர் என்றே நம் வாயில் வரும் இந்த ஊரில், செவிலியக் கோட்பாடுகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். பரீட்சையில் பத்து மார்க் வாங்கியதும் நம்மில் பலர் மூட்டை கட்டி வைத்த விஷயம் இது.

மேடலின் லெய்னிங்கர் என்ற அமெரிக்கச் செவிலியர், 1960களில் பப்புவா நியூ கினி மலைநாட்டில் தங்கி ஆய்வு செய்தவர். நோயாளியின் வழக்கத்தை அப்படியே காப்பது, பேசி இணங்க வைப்பது, மாற்றிக்கொள்ள உதவுவது என மூன்று வழிகளைச் சொன்னார்.

நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று பிரசவ வார்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெற்றவள் காதில் பஞ்சு, தலையில் துண்டு; தூக்குவாளியில் பூண்டுக் குழம்பு வருகிறது. வரட்டும், நமக்கென்ன? "பச்ச உடம்புக்காரி, தண்ணி குடுக்காதீங்க சிஸ்டர்" என்கிறார் மாமியார். "சீரகம் போட்ட வெந்நீர் குடுக்கலாமாம்மா?" என்றால் பெரும்பாலும் தலையசைப்பார். அடுத்து சேனை. பாட்டியின் விரல் சர்க்கரைத் தண்ணீரோடு குழந்தையின் நாக்கை நோக்கி வருகிறது. இங்கே விட்டுக்கொடுக்க முடியாது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். ஆனால் தன் நல்ல குணம் பேரப்பிள்ளைக்கு வரட்டும் என்ற ஆசைதானே அந்த விரலில் இருக்கிறது? "பாட்டி, நீங்களே பிள்ளையைத் தூக்கி அம்மா மார்பில் போடுங்க, சீம்பால் குடிக்கட்டும்" என்று சொல்லத் தெரிந்தவர் அந்த மூன்றாவது வழியைக் கற்றவர்.

பண்பாடு என்றதும் பழங்குடிகள் மட்டும் நினைவுக்கு வருவது நம் கருத்தரங்குகளின் பழைய நோய். அவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு. செவிலியர் சாந்தி தெரசா லக்ரா, லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கே மக்களிடையே பணியாற்றியவர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அவர்களோடு காட்டுக்குள்ளேயே தங்கினார். 2011-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஓங்கேக்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான்; இத்தகைய சிறு கூட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் தொற்று பேராபத்து. 1877-இல் தட்டம்மை கிரேட் அந்தமானியரிடையே பெருஞ்சாவை விளைவித்தது. 1999-இல் ஜாரவாக்களிடமும் அதே நோய் வந்தது. ஆகவே சளி பிடித்த செவிலியர் அன்று அங்கே போகாமல் இருப்பதும் பண்பாட்டை மதிப்பதுதான்.

லெய்னிங்கரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் நோயாளியின் பண்பாட்டையே அதிகம் பார்க்கிறார். நியூசிலாந்தின் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன், முதலில் உன் அதிகாரத்தைப் பார் என்றார். பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்பதை அதைப் பெற்றவரே சொல்ல வேண்டும் என்றார். நிக்கோபாரிப் பெண்ணிடம் நாம் இந்தியில் மளமளவென்று சொல்லி முடித்ததும் அவர் தலையாட்டுகிறாரே, அது சம்மதமா, பயமா?

கட்டுரை வாசிக்க வந்தவர்களிடம் ஒரே வேண்டுகோள். நாடி, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் கேஸ் ஷீட்டில் கட்டம் இருக்கிறது. எந்த வழக்கத்தை அப்படியே விட்டோம், எதில் பேசி இணங்கினோம், எதை மாற்றினோம் என்று டூட்டி மாறும்போது எழுத ஒரு வரி இடம் இல்லை. அந்த வரியை எந்த மொழியில், யாரைக் கேட்டு எழுதுவது என்பதை இந்த அரங்கு இன்று மாலைக்குள் தீர்மானிக்கட்டும். முதல் அமர்வைத் தொடங்கலாம்.