வகுப்பறையில் இலக்கியம்: யாரோடு யார் உட்காருவது?



மறைந்த தோழரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். மாலை போட்டுவிட்டுக் கலைந்துபோவதைவிட, ஒரு கேள்வியைக் கையில் எடுத்து விவாதிப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. பள்ளிக்கூடத்தில் இலக்கியத்தை எப்படிக் கற்பிப்பது என்பதை இன்று எடுத்துக்கொள்வோம். இது தமிழாசிரியர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்ல.

நம் பிள்ளைகளுக்கு இலக்கியம் என்பது மனப்பாடச் செய்யுள், அருஞ்சொற்பொருள், நெடுவினா, நோட்ஸ் என்பதோடு முடிந்துவிடுகிறது. பாடநூலின் முதல் பக்கத்தில் தீண்டாமைக்கு எதிரான வாசகங்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதே வாசகங்களை விடைத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கும் மாணவன், பக்கத்து பெஞ்சுக்காரனின் தண்ணீர் பாட்டிலைத் தொடாமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட முடியும். தனியாகப் படித்துத் தனியாக எழுதும் முறை அதற்கு இடம் தருகிறது. குழுவாகச் சேர்ந்து படைக்கும் பணி அவ்வளவு எளிதாக இடம் தருவதில்லை.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' நூலில் ஒரு காட்சி வருகிறது. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளியிலிருந்து வரும் வழியில், தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கி வருவதைப் பார்க்கிறாள். அவர் அதை நாயக்கரிடம் பணிந்து நீட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டில் அண்ணன் காரணத்தைச் சொன்ன பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

இந்தக் காட்சியை நான்கு குழுக்களிடம் கொடுப்போம். ஒரு குழு பெரியவரின் மனசிலிருந்தும், இன்னொன்று நாயக்கரின் மனசிலிருந்தும், மற்ற இரண்டு அண்ணனின், சிறுமியின் இடத்திலிருந்தும் எழுதட்டும். பிறகு நான்கையும் சேர்த்து நாடகமாக நடிக்கட்டும். பெரியவருக்கு எவ்வளவு குனிவது என்று ஒத்திகையில் முடிவுசெய்ய வேண்டியிருக்கும். நாயக்கராக நடிப்பவன் பொட்டலத்தை எப்படி வாங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கும். அந்த வாக்குவாதம்தான் இலக்கியப் பாடம். எந்த நெடுவினாவும் அதைக் கேட்பதில்லை.

ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் வகுப்பறையில் எழுதத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் புனேயில் நடத்திய பள்ளியில் படித்தவர் மாங் சாதியைச் சேர்ந்த முக்தா சால்வே. சுமார் 14 வயதில், மாங், மஹர் மக்களின் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் அச்சேறியது. அது ஒரு பள்ளி மாணவியின் எழுத்து. தன் மக்களின் வாழ்க்கை எழுதத் தகுந்த பொருள் என்று அந்த வகுப்பறை ஏற்றுக்கொண்டிருந்தது.

ஆனால் குழு என்று சொன்னதும் எல்லாம் சரியாகிவிடாது. சாதி என்பது வேலையை மட்டுமல்ல, வேலை செய்கிற மனிதர்களையும் படிநிலையாகப் பிரிக்கிறது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் விளக்கினார். பள்ளிக் குழுவுக்கும் இது பொருந்தும். ஒருவன் எழுதுவான், ஒருத்தி மேடையில் பேசுவாள், இன்னொருவன் பெஞ்சைத் தூக்கிப் போட்டு, முடிந்ததும் குப்பை அள்ளுவான். அந்த மூன்றாவது ஆள் ஒவ்வொரு முறையும் ஒரே தெருவிலிருந்து வந்தால், அங்கே ஊரும் சேரியும்தான் திரும்பக் கட்டப்பட்டிருக்கின்றன.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவருடைய பள்ளி மாணவர்களே. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில், மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்கப் பரிந்துரைத்தது. யாரோடு யார் உட்காருவது என்பது அவ்வளவு பெரிய கேள்வி. அருகருகே உட்கார வைப்பது முதல் படி. சேர்ந்து ஒன்றைச் செய்ய வைப்பது அடுத்த படி.

எனவே சிலவற்றை நாம் வலியுறுத்த வேண்டும். முதலாவது, குழுவை ஆசிரியரே பிரிக்க வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் பெரும்பாலும் தெருவாரியாகத்தான் சேர்வார்கள். இரண்டாவது, எழுதுவது, பேசுவது, கூட்டுவது எல்லாம் சுழற்சியில் எல்லோருக்கும் வர வேண்டும். மூன்றாவது, சார்ட் பேப்பர், தெர்மாகோல், கலர் பிரிண்ட் என்று காசை வைத்து மதிப்பெண் போடக் கூடாது. கூலி வேலைக்குப் போகும் தாயால் அதற்குச் செலவழிக்க முடியாது. நான்காவது, பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைச் சிவப்பு மையால் அடிக்கக் கூடாது. கி. ராஜநாராயணன் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்தார். ஒரு வகுப்பு தன் ஊர்ச் சொற்களை, எல்லாத் தெருச் சொற்களையும் ஒரே நோட்டில் தொகுக்க முடியாதா?

ஐந்தாவது மிக முக்கியமானது. தலித் பிள்ளையை எழுப்பி, "உன் அனுபவத்தைச் சொல்" என்று கேட்கக் கூடாது. வகுப்புக்காகத் தன் காயத்தைத் திறந்து காட்டும் கடமை அந்தக் குழந்தைக்கு இல்லை. சொல்ல விரும்பினால் சொல்லட்டும். நிலாவைப் பற்றி எழுத விரும்பினால் அதையும் எழுதட்டும். மாறாக, கயிற்றில் தொங்கிய பொட்டலத்தைப் பற்றி மற்ற பிள்ளைகள் யோசிக்கட்டும். சாதி அவர்களுடைய பிரச்சினையும்தான்.

சாத்தாரா பள்ளியில் சிறுவன் பீமராவ் தனியாகச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். பியூன் இல்லாத நாளில் அவனுக்குத் தண்ணீர் இல்லை. அந்தச் சாக்கு இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறீர்கள். மற்றவர்கள் மாலை நேரப் படிப்பு மையங்களிலும் விடுதிகளிலும் பிள்ளைகளைச் சந்திக்கிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு கதையை எடுத்துப் போவோம். குழுவை நாமே பிரிப்போம். துடைப்பம் யார் கையில் இருக்கிறது, பேனா யார் கையில் இருக்கிறது என்று கவனிப்போம். மறுநாள் கை மாற்றிக் கொடுப்போம்.

ஜெய் பீம்.