அளவு ஜாக்கெட் இருக்கு, அளவு பாடி இருக்கா?

(மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன் தவணை, வரவு செலவு எல்லாம் பேசி முடித்தாச்சு. மீதி இருக்கும் நேரத்தில் நாம் பேசப்போவது, இதுவரை நம்முடைய தீர்மான நோட்டில் ஒருமுறைகூட ஏறாத விஷயம். உள்ளாடை. நாம் 'பாடி' என்று சொல்கிறோமே, அதேதான். சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சிடுங்க. அப்புறம் கவனமாகக் கேட்கணும்.

போன மகளிர் தின விளையாட்டுப் போட்டி நினைவிருக்கிறதா? ஓட்டப் பந்தயத்தில் பாதிப் பேர் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே ஓடினார்கள். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நாங்களும் சிரித்தோம். போட்டி முடிந்ததும் ஒரு அக்கா எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "காலு ஓடுதும்மா. நெஞ்சுதான் வலிக்குது. கூச்சமாவும் இருக்கு." அதற்குப் பிறகு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொரு சம்பவம். நம் உறுப்பினர் ஒருவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு. நன்றாகக் கபடி ஆடிய பிள்ளை திடீரென்று நிறுத்திவிட்டாள். "படிப்பு கெடுதாம்" என்று அம்மா சொன்னார். பிள்ளையிடம் கேட்டால், "பசங்க பார்த்துச் சிரிக்கிறாங்க அக்கா" என்றாள். வளர்ந்த பிள்ளை அதுவரை சிம்மிஸ் மட்டும்தான் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். 2010-ல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் கபடி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. தங்கம் வாங்கியது நம் நாட்டுப் பெண்கள்தான். நம் பிள்ளையோ ஒரு உள்ளாடை இல்லாமல் ஆட்டத்தை விட்டு நிற்கிறாள்.

ஏன் வலிக்கிறது?

மார்பகத்துக்குள் எலும்பு கிடையாது, தசையும் கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும்தான் இருக்கின்றன. மேலே இருக்கும் தோலும் உள்ளே இருக்கும் மெல்லிய நார்களும்தான் அதைத் தாங்குகின்றன. நாம் ஓடும்போதோ குதிக்கும்போதோ அது மேலும் கீழுமாக மட்டும் ஆடுவதில்லை. பக்கவாட்டிலும், முன்னும் பின்னுமாகவும் ஆடுகிறது. அதனால்தான் வலி. இது வியாதி இல்லை. பிடிமானம் இல்லாத குறை. மாதவிலக்குக்கு முந்தின நாட்களில் சிலருக்கு இந்த வலி கூடும்.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் வந்தது இல்லை. 1977-ல் அமெரிக்காவில் லீசா லிண்டால் என்ற பெண் தினமும் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார். சாதாரண பாடி போட்டு ஓடினால் வலி. கடையில் வேறு எதுவும் கிடைக்கவில்லை. தையல் தெரிந்த தோழி பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற இன்னொரு பெண், மூவரும் சேர்ந்து யோசித்தார்கள். ஆண்கள் விளையாடும்போது பிடிமானத்துக்காகக் கீழே போடும் உள்ளாடை இரண்டை எடுத்து, ஒன்றாகச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள். அதுதான் விளையாட்டுக்கான பாடி, அதாவது ஸ்போர்ட்ஸ் பிரா பிறந்த கதை. மூன்று பெண்கள் கூடி உட்கார்ந்து தங்கள் கஷ்டத்தைக் கூச்சப்படாமல் பேசினார்கள், வழி கிடைத்தது. நம் குழுவும் அப்படித்தானே?

அளவு எடுப்பது எப்படி?

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் கொடுக்கிறோம். கை கொஞ்சம் இறுக்கினாலும் திருப்பிக் கொடுத்துப் பிரித்துத் தைக்கச் சொல்கிறோம். பாடி வாங்கும்போது? கடையில் ஆம்பளை நின்றால், "34 கொடுங்க" என்று சொல்லிக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுகிறோம். கல்யாணத்தின்போது போட்ட அளவையே பிள்ளைகள் பெற்ற பிறகும் கேட்கிறோம். நாங்கள் சமூகப்பணி பட்டம் படித்தவர்கள்தான். நாங்களும் பல வருடம் அப்படித்தான் வாங்கினோம்.

வீட்டிலேயே அளக்கலாம். ஒரு இஞ்ச் டேப் போதும். முதலில் மார்புக்குக் கீழே, விலா எலும்பின் மேல் சுற்றி அளக்க வேண்டும். டேப் முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கணும். மூச்சை இயல்பாக விட்டபடி அளக்கணும். அந்த அளவோடு 4 கூட்ட வேண்டும். ஒற்றைப்படை எண் வந்தால் 5 கூட்டுங்கள். கீழ்ச்சுற்று 30 என்றால் உங்கள் அளவு 34. அடுத்து மார்பின் எடுப்பான இடத்தில், இறுக்காமல் அளக்க வேண்டும். அது 36 என்று வந்தால், 34-ஐக் கழிக்க மீதி 2. மீதி 1 வந்தால் ஏ கப், 2 வந்தால் பி, 3 வந்தால் சி, 4 வந்தால் டி. ஆக, நீங்கள் கேட்க வேண்டியது "34 பி".

ஒன்று ஞாபகம் வையுங்கள். எல்லாக் கம்பெனியும் ஒரே கணக்கு வைப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் பிரா பெரும்பாலும் எஸ், எம், எல் என்ற எழுத்தில்தான் வரும். பெட்டியின் பின்பக்கம் அளவு அட்டவணை அச்சடித்திருப்பார்கள். உங்கள் இரண்டு அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் அதோடு ஒத்துப் பாருங்கள். சென்டிமீட்டரில் இருந்தால், ஒரு அங்குலம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்.

போட்டுப் பார்க்கும்போது

பாரத்தைத் தாங்க வேண்டியது தோள்பட்டை நாடா இல்லை, கீழ்ப்பட்டிதான். கீழ்ப்பட்டி தொளதொளவென்று இருந்தால் பாரம் முழுவதும் தோளில் இறங்கும். சாயங்காலம் ஜாக்கெட்டைக் கழற்றினால் தோளில் பள்ளம் விழுந்திருக்கும். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தழும்பு இருக்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம்.

கீழ்ப்பட்டிக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. நாடாவுக்கும் அப்படித்தான். இரண்டு கையையும் மேலே தூக்குங்கள்; பட்டி மேலே ஏறி வந்தால் பெரிய அளவு என்று அர்த்தம். அக்குள் பக்கமோ மேலேயோ சதை பிதுங்கினால் கப் சிறியது. துணி சுருங்கி நின்றால் கப் பெரியது. நின்ற இடத்தில் பத்து முறை குதித்துப் பாருங்கள். ஆழமாக மூச்சு இழுத்துப் பாருங்கள். குலுக்கலும் இருக்கக் கூடாது, மூச்சும் அடைக்கக் கூடாது. கொக்கி வைத்ததாக இருந்தால், புதிதில் கடைசி வரிசைக் கொக்கியில் மாட்டணும். நாளாக நாளாக எலாஸ்டிக் தளரும்போது உள்வரிசைக்கு வரலாம்.

மார்பு சிறியவர்களுக்கு அழுத்திப் பிடிக்கும் பனியன் மாதிரி வகை போதும். பெரியவர்களுக்கு இரண்டு பக்கமும் தனித்தனிக் கப், அகலமான நாடா வைத்தது நல்லது. தோள்வலி இருக்கும் அக்காமார்களால் தலை வழியாக மாட்டிக் கழற்ற முடியாது. கொக்கி வைத்ததைக் கேளுங்கள். சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னவர்களுக்கு விளையாட்டு பிராதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அளவு சரியான சாதாரண பாடியே நடைக்குப் பெரும்பாலும் போதும். வயல்வேலைக்கும் அப்படித்தான். ஓட்டம், கபடி, கயிறு தாண்டுவது என்றால் அது போதாது.

பால் கொடுக்கும் தாய்மார்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்த பிறகு உடற்பயிற்சி செய்தால் பாரம் குறையும். அதிக இறுக்கமாகப் போட்டால் பால் கட்டிக்கொள்ளும். கவனம்.

துவைப்பதும் உலர்த்துவதும்

இதைச் சொல்லாமல் விட்டால் பேசியதெல்லாம் வீண். நம் வீடுகளில் பாடியைப் பாவாடைக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுகிறோம். அது சரியாகக் காய்வதில்லை. ஈரத்தோடு போட்டால் மார்புக்குக் கீழே அரிப்பு, படை, புண். காற்றோட்டமான இடத்தில் காயப்போடுங்கள். கொடியில் தொங்குவது துணிதான், மானம் இல்லை. வெந்நீர் வேண்டாம், கல்லில் அடிக்க வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம், எலாஸ்டிக் போய்விடும். வியர்த்தால் உடனே மாற்றணும். அதற்குக் குறைந்தது இரண்டாவது வேண்டும்.

"இறுக்கிப் போட்டா புற்றுநோய் வருமா?" என்று போன வாரம் ஒரு குழுவில் கேட்டார்கள். பாடி போடுவதால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அளவு எடுக்கும்போதும் குளிக்கும்போதும் கை வைத்துப் பாருங்கள். கட்டி, தோலில் குழி, காம்பில் நீர் அல்லது ரத்தம், காம்பு புதிதாக உள்ளே இழுப்பது, இதில் எது தெரிந்தாலும் வலி இல்லை என்று விட்டுவிடாமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 30 வயது ஆன பெண்களுக்கு அங்கே மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள்.

அந்தக் கபடிப் பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். அம்மாவும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு டேப் வைத்து அளந்தார்கள். சந்தைக்குப் போகும் நாளில் அளவுச் சீட்டோடு போய் இரண்டு வாங்கினார்கள். ஜெயித்தாளா என்று கேட்காதீங்க. சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்க, ஆடிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு இஞ்ச் டேப் கொண்டு வாருங்கள். ஒருவருக்கொருவர் அளந்து, அளவைப் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கடைக்குப் போனால் விலையும் பேசலாம், கூச்சமும் போகும். வயசுக்கு வந்த பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதல் அளவு அவர்களுக்கு. வருகிற மகளிர் தின ஓட்டத்தில் நம் கைகள் இரண்டும் வீசி ஓடட்டும்.