மூடிய யானையும் கடலுக்குள் பேனாவும்

(செம்பரம்பாக்கத்தில் இளைஞர்கள் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு தவறை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். 2012 ஜனவரியில், உத்தரப் பிரதேசத் தேர்தலை ஒட்டி, மாயாவதி எழுப்பிய கல் யானைகளை மூடச் சொன்னது தேர்தல் ஆணையம். யானை அவர் கட்சியின் சின்னம் என்பது காரணம். நான் அப்போது கல்லூரி மாணவன். போர்த்தி மூடிய யானைப் படங்களைப் பார்த்து விடுதி அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏழை மாநிலத்துக்கு யானை பொம்மை எதற்கு என்று பேசினோம்.

நொய்டாவில் அந்த யானைகள் நிற்கும் இடத்தின் பெயர் தலித் பிரேர்ணா ஸ்தல். அங்கே அம்பேத்கரும் கன்ஷிராமும் நிற்கிறார்கள். அதை எங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

2018இல் குஜராத்தில் 182 மீட்டர் உயரப் படேல் சிலையைத் திறந்தார்கள். செலவு ஏறத்தாழ 3,000 கோடி. விமர்சனம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2019இல், சிலைகளுக்குச் செலவான பொதுப்பணத்தை மாயாவதி திருப்பிக் கட்ட வேண்டும் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் விசாரணையின்போது வெளியிட்டது. படேல் சிலையை எழுப்பியவர்களிடம் எந்த நீதிமன்றமும் அப்படிக் கேட்கவில்லை.

இப்போது நம்ம ஊர் பேனாவுக்கு வருவோம். மெரினாவில், கடலுக்குள் 360 மீட்டர் தள்ளி, 134 அடி உயரத்தில் கலைஞருக்குப் பேனா நினைவுச்சின்னம் அமைக்கத் திட்டமிட்டார்கள். மதிப்பீடு 81 கோடி. 2023 ஜனவரி 31 அன்று கலைவாணர் அரங்கத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. கூச்சல் குழப்பம். கட்டினால் உடைப்பேன் என்றார் சீமான்.

அந்தக் கூச்சலில் இரண்டு எதிர்ப்புகள் கலந்திருந்தன. ஒன்று மீனவர்களுடையது: கடலுக்குள் கட்டினால் எங்கள் தொழில் என்னாகும்? இன்னொன்று, இந்தக் காசுக்கு எத்தனை பள்ளிக்கூடம் கட்டலாம் என்ற கணக்கு. முதல் கேள்வி வாழ்வாதாரத்திலிருந்து வருகிறது. அதற்கு அரசு பதில் சொல்லியே ஆகவேண்டும். 2015 டிசம்பரில் இந்த ஏரியிலிருந்து 29,000 கனஅடி திறந்தபோது அடையாற்றுக் கரையில் இருந்தவர்களை யார் கேட்டார்கள்? தண்ணீரோரம் வாழ்கிறவனைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று இந்த ஊருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் அது எல்லாச் சிலைக்கும் ஒரே குரலில் கேட்கப்படுகிறதா?

பசித்தவனுக்குக் கலை எதற்கு என்பதும் நம் மீதான அக்கறை அல்ல. கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டவர் என் அத்தை. 2020இல் அங்கே குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். தண்ணிக்கு வழியில்லாத இடத்தில் இது தேவையா என்று அத்தையிடம் பொரிந்து தள்ளினேன். அவர் சொன்னார்: “படம் நல்லாத்தான்டா இருக்கு. எங்களுக்கு மட்டும் அழகா இருக்கக் கூடாதா? ஆனா, எங்க இருக்கணும்னே எங்கள யாரும் கேக்கல. செவுத்துக்கு என்ன கலருன்னா கேக்கப் போறாங்க?”

என் பத்து வருஷ வாசிப்பை அத்தை நாலு வரியில் முடித்துவிட்டார். அழகு நமக்கும் வேண்டும், முடிவெடுக்கும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஊர் ஊராக அம்பேத்கர் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறோம். அந்தக் கூண்டுக்கு என்ன செலவு என்று எந்த வீண்செலவுக் கணக்கிலாவது பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை ஒரு சிலையைப் பார்த்துச் சிரிப்பு வந்தால், சிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் அந்தக் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள்.