சிவப்பு முக்கோண ஸ்விட்ச்



காரின் டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதுதான் ஹசார்டு ஸ்விட்ச். அழுத்தினால் நான்கு மூலை இண்டிகேட்டர்களும் ஒன்றாக மினுக்கும். இரவில் நெடுஞ்சாலையோரம் வண்டி நின்றுபோனால், பின்னால் வரும் லாரிக்கு நம்மைக் காட்டுவது அந்த மினுக்கல்தான். சாவியை எடுத்த பிறகும் எரிய வேண்டும் என்பதால், அதற்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் வருகிறது.

தினமும் தொடாத ஸ்விட்ச் என்பதால், கெட்டாலும் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் பல கார்களில் இடது, வலது இண்டிகேட்டருக்குப் போகும் மின்சாரமும் இதன் வழியாகத்தான் போகிறது. நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில், மினுக்கவைக்கும் ரிலேவே இந்த ஸ்விட்சுக்குள் இருக்கிறது. ஆகவே இண்டிகேட்டர் வேலை செய்யாவிட்டால் இதையும் சந்தேகப்படுங்கள்.

உடனே புதுசு வாங்கிவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக மினுக்கினால், பெரும்பாலும் பல்பு போயிருக்கும். நான்கும் எரியவில்லையா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பல முறை அழுத்தினால் மட்டும் எரிகிறது, கொஞ்சம் ஆட்டினால் அணைகிறது என்றால் ஸ்விட்சின் உள்முனைகள் தேய்ந்திருக்கலாம்.

ஸ்விட்சை மாற்றும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறி பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். ஏர்பேக் உள்ள வண்டியில், கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். ஸ்விட்சைச் சுற்றியுள்ள பட்டையை பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாகக் கிளப்புங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் டேஷ்போர்டில் தழும்பு போட்டுவிடும். கனெக்டரின் பூட்டை அழுத்தி, கனெக்டரையே பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. புது ஸ்விட்சில் பழையதன் பாகஎண்ணே இருக்க வேண்டும். உருவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளிணைப்பு வேறாக இருக்கலாம்.

பட்டையை மூடுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்துச் சோதியுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்கினால் சரி.

இன்னொன்று. சந்திப்பில் நேராகப் போவதற்கு இந்த ஸ்விட்சைப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். பக்கத்தில் வருபவருக்கு ஒரு பக்கத்து விளக்கு மட்டுமே தெரிந்தால், நாம் திரும்பப்போகிறோம் என்று நினைத்துவிடுவார். நின்றுபோன வண்டிக்கான எச்சரிக்கை இது. மாதம் ஒருமுறை சாவியை எடுத்துவிட்டு அழுத்துங்கள். இறங்கி வண்டியைச் சுற்றி வந்து நான்கு விளக்கையும் பாருங்கள்.