கரை மாறும்போது எடுக்க வேண்டிய படங்கள்

திருகோணமலை நகரின் மையப்பகுதி இரண்டு கடல்முகங்களுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் அமைந்திருப்பதால், கிழக்கே டச்பே என்று ஊரவர் சொல்லும் ஒல்லாந்தர் குடாவில் சூரியன் எழுவதையும், மேற்கே உட்துறைமுகத்துக்கு அப்பால் அது இறங்குவதையும் ஒரே நாளில், நடந்து சென்றே, படம்பிடித்துவிட முடியும். இந்த அரிய அமைப்பு ஒளிப்படக் கலைஞர்களை எப்போதும் ஈர்த்து வந்திருக்கிறது. 2009இல் போர் முடிந்து சுற்றுலாப் பயணிகள் பெருகிய பின்னர், கோணேசர் கோயில் நிற்கும் பாறையும் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களும் உட்துறைமுகத்து அந்திவானமும் ஊரின் முகமாகவே நிலைத்துவிட்டன. இப்படங்களின் அழகில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஊர் மாறிக்கொண்டிருப்பது மட்டும் அவற்றில் தெரிவதில்லை. பழைய கடைத்தெருவும் கரையோரமும் புதிதாக வகுக்கப்படும் காலத்தில் படக்கருவி ஆற்ற வேண்டிய பணி எது என்பதே இன்றைய உரையின் பொருள்.

வணிகமும் குடியிருப்பும் தளர்ந்துபோன பழைய நகர மையத்துக்கு மக்களையும் முதலீட்டையும் மீண்டும் வரவழைக்கும் முயற்சியை நகர மீளெழுச்சி என்றும், துறைமுகத் தேவைகளுக்கும் மீன்பிடிக்கும் பயன்பட்ட கரையை உலாவுமிடமாகவும் விடுதிகளாகவும் பூங்காவாகவும் மாற்றியமைப்பதை நீர்முகப்பு அபிவிருத்தி என்றும் நகரத் திட்டமிடலாளர்கள் குறிப்பிடுகின்றனர். இத்தகைய மாற்றத்தை முன்னிட்டுப் படமெடுக்கும் வழக்கம் ஏறத்தாழ ஒளிப்படக்கலையின் வயதுடையது. பாரிஸ் நகரின் பழைய தெருக்கள் இடிக்கப்படுவதற்கு முன்னர் அவற்றைப் பதிவுசெய்யும் பணியை அந்நகர நிர்வாகம் 1860களில் சார்ல் மார்வில் என்பவரிடம் ஒப்படைத்தது. கிளாஸ்கோவின் நெருக்கடியான சந்துகளை, அவற்றை அகற்றுவதற்கென அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அமைப்பின் வேண்டுகோளின்படி, தோமஸ் அனன் 1868 முதல் 1871 வரை படம்பிடித்தார். இடிக்க முடிவுசெய்தவர்களே படமெடுக்கவும் சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அந்தச் சந்துகளில் வாழ்ந்தவர்கள் என்ன எண்ணினார்கள் என்பதை அப்படங்கள் சொல்லவில்லை. எனினும் அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு அவற்றைவிடச் சிறந்த சான்று எஞ்சவும் இல்லை.

திருகோணமலையில் இந்தப் பணி மேலும் சிக்கலானது, ஏனெனில் இங்கு ஒவ்வொரு காலமும் முந்திய காலத்தின் கல்லை எடுத்தே தன்னைக் கட்டிக்கொண்டது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பினர். ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றித் திருத்தினர். 1795இல் அது பிரித்தானியரிடம் வீழ்ந்தது. 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் பெற்றது. அந்தக் கோட்டை வாயிலில் பதிந்துள்ள கல்லில் பாண்டியரின் சின்னமாகிய இணைகயல்களும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இன்றும் உள்ளன. உச்சிவெயிலில் அவ்வழியே கோயிலுக்குச் செல்பவரின் கண்ணுக்கு அது தேய்ந்த வெறுங்கல்லாகவே படும். வெளிச்சம் கல்லின் பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் விழும்போதோ, மாலையில் ஒரு கைவிளக்கைச் சாய்த்துப் பிடிக்கும்போதோதான், மீனின் முதுகுக்கோடும் எழுத்தின் வெட்டும் நிழல் பெற்று மேலெழும்பும். கல்வெட்டாய்வாளர் சாய்வொளி என்று குறிப்பிடும் இந்த எளிய முறை, வழிநெடுகச் சுவர்களுக்குப் பூச்சடித்துப் புதுப்பிக்கும் காலத்தில் மிகவும் வேண்டப்படுவது, ஏனெனில் பூச்சின் அடியில் மறையும் வெட்டு பிறகு எந்த ஒளிக்கும் அகப்படாது. எல்லாப் புதுப்பிப்பும் இழப்பே என்று இதற்குப் பொருளல்ல. ஒல்லாந்தர் காலக் கடற்படை ஆணையாளரின் இல்லம் நெதர்லாந்து அரசின் உதவியுடன் சீரமைக்கப்பட்டு 2013இல் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டமை, பழைய கட்டடத்தை அதன் இடத்திலேயே வாழவைக்க முடியும் என்பதற்கு நகருக்குள்ளேயே நிற்கும் சான்று.

திட்டங்களுக்கு இவ்வூரில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. 2016இல் சிங்கப்பூரின் சுர்பானா ஜுரோங் நிறுவனம் திருகோணமலைக்கான பெருந்திட்டத்தை வரைய அமர்த்தப்பட்டது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களைப் பயன்படுத்துவது குறித்து 2022 சனவரியில் இந்திய நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது. 2025 ஏப்ரலில் இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இவ்வூரை எரிசக்தி மையமாக்கும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. இவற்றுக்கெல்லாம் முன்பே கரையின் முகத்தை மாற்றியது ஒரு பாலம். 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலமும் தொடர்ந்து வந்த பிற பாலங்களும் குடாக்கடலின் மறுகரையிலுள்ள மூதூர் வரையான தரைவழியை இணைத்ததனால், படகை நம்பியிருந்த போக்குவரத்து பேருந்துக்கு மாறியது. அதனோடு மூதூர்ப் படகை எதிர்பார்த்து இறங்குதுறையில் மூட்டைமுடிச்சுகளோடு காத்திருந்த கூட்டமும் குறைந்தது. அந்தக் கூட்டத்தின் படம் எவருடைய வீட்டு அலுமாரியிலாவது இருக்குமாயின், அது இன்று அரும்பொருள்.

கரையோரத்தில் இப்போது பதிவுசெய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது கரைவலை. வள்ளத்தில் வலையை ஏற்றிச் சென்று கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, அதன் இரு கயிற்று முனைகளையும் கரையில் ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு இடங்களில் நின்று இரு அணியினர் இழுப்பதே இத்தொழில். இழுக்க இழுக்க இரு அணிகளும் மணலில் பக்கவாட்டாக நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் நிற்பவர் கயிற்றைச் சுருளாக அடுக்குவார். வலையின் பைப்பகுதியாகிய மடி கரையேறும் நேரத்தில் இரு அணியும் ஒரே இடத்தில் கூடிவிடும். ஆகவே கரைவலைக்குத் தேவைப்படுவது வலையும் ஆட்களும் மட்டுமல்ல, தடையில்லாத நீண்ட மணற்பரப்பும்தான். ஒருவர் வலை வளைக்க உரிமை பெற்ற அத்தகைய கரைத்துண்டைப் பாடு என்று மீனவர் சொல்வர். உலாவுமிடத்தின் சிறு தடுப்புச் சுவர் ஒன்றோ ஒரு வரிசைக் கற்படிகளோ பாட்டின் குறுக்கே வந்துவிட்டால் அணிகள் நகர வழியில்லை. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரையும் சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என வரையறுத்து, அங்கு நிகழும் அபிவிருத்திக்கு அனுமதி தேவை என்கிறது. ஆனால் பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பயன்பாட்டில் இருக்கும்போதே காட்டும் படம் மேசையில் இல்லாவிட்டால், அனுமதி வழங்குபவரின் கண்ணில் அது வெறும் மணலாகவே தோன்றும். மீனவரின் சம்மதத்தோடு, அதிகாலையிலிருந்து மடி கரையேறும் வரை, கயிறு ஊன்றிய இரு முனைகளும் ஒரே படச்சட்டத்தில் விழுமாறு எடுக்கப்படும் படவரிசை நூறு அந்திவானங்களைவிடப் பயனுடையது.

இங்கே வில்லையின் தேர்வு வெறும் அழகியல் விடயம் அன்று. அகன்ற கோணத்தைக் காட்டும் வில்லையைத் தாழப் பிடித்தால், காலடியில் உள்ள புதிய நடைபாதை பெருவெளியாக விரிந்து, அதன் பின்னாலுள்ள வீடுகளும் கடைகளும் சிறுத்துப் பின்வாங்கும். விளம்பரப் படங்களில் எல்லா நீர்முகப்புகளும் விசாலமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். தொலைவை இழுக்கும் வில்லையோ கோயிற் பாறையையும் கடைத்தெருவையும் ஒட்டவைத்து நெரிசலைக் கூட்டிக் காட்டும். ஆவணத்துக்கென எடுப்பவர் இரண்டையும் விட்டு, நடுத்தர வில்லையுடன் நின்ற உயரத்தில், ஆண்டுதோறும் அதே இடத்திலிருந்து எடுப்பதே முறை. பழைய படம் ஒன்றின் இடத்தையே தேடிச் சென்று திரும்ப எடுப்பதற்கு மீள்படமெடுப்பு என்று பெயர். பழைய படத்தில் கோட்டை மதிலின் விளிம்பு தொலைவிலுள்ள பாறையின் எந்தப் பகுதியை மறைக்கிறது என்று நோக்கி, அதே மறைப்பு கிடைக்கும்வரை இடமும் வலமும் நகர்ந்தால், முன்னவர் நின்ற இடம் சில அடிகளுக்குள் அகப்பட்டுவிடும். பருவமும் ஒத்திருக்க வேண்டும். தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் புல் கருகி வானம் வெளிறியிருக்கும், வடகிழக்குக் காற்று வீசும் வாடைக்காலத்தில் அதே கரை கறுத்த முகிலின் கீழ்ப் பசுமையாக இருக்கும். இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் பருவ வேறுபாடே அபிவிருத்தியாகத் தோன்றிவிடும்.

இவ்வூரில் ஒளிப்படம் என்பது எத்துணை எடையுடையது என்பதை 2006ஆம் ஆண்டு துயரத்தோடு உணர்த்தியது. அவ்வாண்டு சனவரி 2ஆம் திகதி மாலை, இன்று குடும்பங்கள் காற்று வாங்க வரும் அதே கடற்கரையில், காந்தி சிலையருகே, ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். கைக்குண்டு வெடித்ததனால் அவர்கள் இறந்ததாக முதலில் கூறப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பதைக் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த பதின்மூவர், போதிய சான்றில்லை எனக் கூறி 2019இல் விடுவிக்கப்பட்டனர். அந்தக் கரையின் மீளெழுச்சியைப் படமெடுக்க வருபவர் இதை அறிந்திருத்தல் கடமை. அறிந்தவர் எடுக்கும் படத்தில் காந்தி சிலை வெறும் முன்புலப் பொருளாக நிற்க முடியாது. அதன் விளக்கக் குறிப்பில் இந்தத் திகதி இடம்பெறும்.

படமெடுக்க இயலாத இடங்களும் பதிவின் ஒரு பகுதியே. 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கையளித்த கடற்படைத் தளமும் அதைச் சூழ்ந்த கரையும் இன்றும் கடற்படையின் வசமே உள்ளன. கோட்டைக்குள்ளும் படையினர் தங்கியுள்ளனர். ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிடுவதற்கும் அனுமதி வேண்டும். எனவே துறைமுகத்தின் முழுமையான காட்சி என்று சொல்லப்படும் எந்தத் தொகுப்பிலும் பெரும் இடைவெளிகள் இருந்தே தீரும். அவற்றை அழகிய படங்களால் நிரப்பாமல், எடுத்த இடங்களையும் எடுக்க அனுமதியில்லாத இடங்களையும் ஒரே வரைபடத்தில் குறித்து வைப்பதே நேர்மை.

இவ்வளவும் செய்த பின்னரும், குறிப்பில்லாத படம் பத்து ஆண்டுகளில் ஊமையாகிவிடும். வீதியின் பெயர், படமெடுத்த திசை, திகதி, நேரம், வில்லையின் அளவு, படத்திலுள்ள கட்டடத்தின் அன்றைய பயன்பாடு, ஊரவர் அவ்விடத்துக்கு வழங்கும் பெயர் ஆகியவை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூலக்கோப்புடன் சேர்த்தே எழுதப்பட வேண்டும். 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இலக்கமுறையில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனம் ஒளிப்படங்களையும் பேணுகின்றது. கடைத்தெருவில் தலைமுறைகளாக நடந்துவந்த படப்பிடிப்பு நிலையங்களின் எதிர்ப்படச் சுருள்கள் உப்புக்காற்றில் ஒட்டிப்போவதற்கு முன்னர் அத்தகைய காப்பகங்களைச் சென்றடைதல் வேண்டும். பாடசாலைகளின் ஒளிப்படக் கழகங்கள் டச்பேயில் பத்து நிலைகளையும் உட்துறைமுக வீதியில் பத்து நிலைகளையும் தெரிவுசெய்து, ஆண்டுக்கு இருமுறை, கச்சானில் ஒன்றும் வாடையில் ஒன்றுமாகப் படமெடுக்கத் தொடங்கினால், அடுத்த பெருந்திட்டம் வரையப்படும் நாளில் மக்கள் தரப்பிலும் மேசைமேல் வைக்க ஒரு தொகுப்பு இருக்கும்.