அலமாரிக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற ஆள்

(காரியாபட்டியில் மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். பையில் இரண்டு கவிதை இருக்கிறது, நேரமிருந்தால் கடைசியில் பார்க்கலாம். இன்றைக்கு நான் பேச வந்தது நூலகத்தில் வேலை பார்க்கிற ஆட்களைப் பற்றி. இதெல்லாம் ஒரு அரசியலா என்று யாராவது நினைக்கலாம். அரசியல்தான்.

போன மாதம் ஒரு தங்கச்சி வங்கிக்கு வந்தது, கல்விக்கடன் விஷயமாக. ஆய்வு மாணவி. கவுண்டரில் கூட்டம் குறைந்ததும் பேசிக்கொண்டிருந்தோம். "லைப்ரரி இருக்குண்ணே, புஸ்தகமும் இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. போய்ப் பாத்தா அலமாரில இல்ல. கேக்கலாம்னா ஆளு இல்ல. சாயங்காலம் பூட்டிர்றாக, ராத்திரி ஷிப்ட்டுக்கு ஆளு போடலயாம்" என்றது. எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான் இதில் துயரம்.

அந்தத் தங்கச்சி சொன்னது எனக்கு உடனே புரிந்ததற்குக் காரணம் நான் குமாஸ்தா என்பதுதான். வங்கிகளில் பாஸ்புக் பதிகிற மெஷின் வந்தபோது கவுண்டர் வேலை குறையும், வாடிக்கையாளருக்கு நேரம் மிச்சம் என்றார்கள். குறைந்தது எங்கள் ஆள் எண்ணிக்கை. நூறு நாள் வேலைக் கூலி வந்திருக்கிறதா என்று பார்க்க ஆவியூர்ப் பக்கமிருந்தும் முடுக்கன்குளம் பக்கமிருந்தும் பஸ் ஏறி வருகிற அப்பத்தா, பாஸ்புக்கைத் தலைகீழாகச் செருகிவிட்டு மெஷின் முன்னால் நிற்கிறது. பார்கோடு கிழிந்திருக்கும், மெஷின் துப்பிவிடும். "யய்யா, இது என்னைய வேணாங்குது" என்று ஒருநாள் ஒரு அம்மா சொன்னது. மெஷின் யாரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை. அது ஒருவகை வாடிக்கையாளருக்காகச் செய்யப்பட்டது, அந்த ஒருவகையில் அந்த அம்மா இல்லை, அவ்வளவுதான். பல்கலைக்கழக நூலகத்தில் நடப்பதும் இதுதான். அங்கே அந்த அம்மாவின் இடத்தில் நிற்பது நம் வீட்டு முதல் தலைமுறைப் பட்டதாரி.

என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். அப்பா கரிமூட்டம் போட்டவர். இந்தக் காட்டில் சீமைக்கருவேலுக்குத்தான் பஞ்சமில்லையே. வீட்டில் அச்சடித்த தாள் என்று இருந்தது ரேஷன் கார்டும் காலண்டரும். நான் படித்தது வெளியூரில். கல்லூரி நூலகத்தில் இல்லாத புத்தகத்துக்காக அந்த ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன், முதல்வரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு. வாசலில் செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இப்போது சிரிப்பாக இருக்கிறது. உள்ளே ஒரு அதிகாரி கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எந்த ஊர் என்றார், ஊரில் எந்தப் பக்கம் என்றார். அந்தக் கேள்வியின் அர்த்தம் இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

என்னை மீட்டது ஒரு தினக்கூலி. புத்தகம் அடுக்குகிற அண்ணன், நாற்பத்தைந்து வயதிருக்கும். பத்தாவது தாண்டாதவர். "என்ன வேணும் தம்பி?" என்றார். அம்பேத்கர் என்றேன். அம்பேத்கரில் எது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அம்பேத்கர் என்றால் ஒரு புத்தகம் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் என்னைப் பின்பக்க அலமாரிக்குக் கூட்டிப்போய் வரிசையாக நின்ற தொகுதிகளைக் காட்டினார். "இதுல முதல் தொகுதிய எடு, சாதி ஒழிப்பு இருக்கு. எல்லாரும் அதைத்தான் மொதல்ல கேப்பாக" என்றார். அவர் எங்கும் நூலக அறிவியல் படித்ததில்லை. கேட்டுக் கேட்டு, எடுத்துக் கொடுத்து, திரும்ப அடுக்கி, அந்தக் கட்டடத்தின் அட்டவணை அவர் உடம்பில் இருந்தது. சில வருஷம் கழித்துப் போனபோது அவர் இல்லை. ஏஜென்சிக்கு விட்டுட்டாங்க சார் என்றார் வாசலில் நின்ற காவலாளி. இந்த முறை என்னை சார் என்றார்கள், ஆனால் அடையாள அட்டை இல்லை என்று உள்ளே விடவில்லை.

இதைச் சொன்னதும் பழைய நூலகம் பொற்காலம் என்று பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டவரும் நூலக ஊழியர்தான், அதுவும் நிரந்தர ஊழியர். தானே புத்தகம் பதிந்துகொள்கிற மெஷின் அந்தக் கேள்வியைக் கேட்காது. ஒரு தோழர் என்னிடம், "ஆளே இல்லாத நூலகம்தான் நமக்குப் பாதுகாப்பு" என்று வாதாடினார். அந்த வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஹோட்டலும் பஸ்ஸும் ரயிலும் வந்துதானே சில தீட்டுகள் உடைந்தன. ஆனால் நூலகத்தில் கேள்வி கேட்கிறவனை ஒழிக்கிறேன் என்று சொல்லி எடுத்துக் கொடுத்தவனைத்தான் முதலில் ஒழித்தார்கள். மேலே குளிர்சாதன அறையில் இருந்தவர் ஓய்வுபெறும் வரை பத்திரமாக இருந்தார்.

இங்கே எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1892இல் சீர்காழியில் பிறந்த பிராமணர், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பூட்டிய அலமாரியைத் திறந்துவிட்டு வாசகனே உள்ளே போய் எடுக்கட்டும் என்றது, வாசகனுக்கு உதவவே தனியாக ஆள் வைத்தது, நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியது எல்லாம் அவர் செய்தவை. 1931இல் அவருடைய ஐந்து விதிகள் புத்தகமாக வந்தது. ஐந்து விதியை எல்லாத் தேர்விலும் கேட்கிறார்கள், எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். அவர் போட்ட இன்னொரு கணக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆண்டுக்கு எத்தனை புத்தகம் வாங்குகிறாய், எத்தனை வாசகர் வருகிறார்கள், எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறாய், அப்படியானால் ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை ஆள் வேண்டும் என்று சூத்திரமே எழுதிவைத்தார். ஆள் என்பது நூலகத்தின் உபரிச் செலவல்ல, புத்தகத்துக்கு இணையான பாதி என்று கணக்கில் காட்டியவர் அவர்.

அவரைக் கும்பிடச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தத் திறந்த அலமாரிக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சேரியிலிருந்து எத்தனை பேருக்கு வழி இருந்தது? அலமாரியைத் திறந்தவர்கள் தெருவைத் திறக்கவில்லை. அவர் நூலகராகி மூன்று வருஷம் கழித்து, 1927இல், மகாத் குளத்தில் தண்ணீர் அள்ள நம் ஆட்கள் அடிவாங்க வேண்டியிருந்தது. இருந்தாலும் கணக்கு கணக்குதான். அதை எடுத்து நம் கையில் வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

நமக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் மதுரை காமராசர். 1966இல் தொடங்கியது. அங்கே நூலகத்துக்கு முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் பெயர். அந்தப் பல்கலைக்கழகம் சில வருஷமாகப் பணமில்லாமல் தவித்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2022இல் நூற்றுக்கும் மேற்பட்ட தற்காலிக ஊழியர்களை நிதி நெருக்கடி என்று சொல்லி நீக்கினார்கள், அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு நிரந்தர ஊழியருக்கும் ஓய்வூதியருக்குமே மாதா மாதம் பணம் வருவது இழுபறியானது. நான் கேட்பது ஒன்று. பணமில்லை என்றதும் கத்தி முதலில் எந்தக் கழுத்துக்கு வருகிறது? பத்து, பதினைந்து வருஷம் தற்காலிகம் என்ற பெயரிலேயே வேலை பார்த்தவன் கழுத்துக்கு. பதினைந்து வருஷம் தற்காலிகமாக இருப்பது எப்படி என்று எந்த இலக்கணக்காரராவது விளக்கினால் கேட்டுக்கொள்வேன்.

அடுத்து இடஒதுக்கீடு. இதைக் கவனமாகக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு. அதில் பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இது அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கு. இனச்சுழற்சிப் பதிவேடு என்று ஒன்று இருக்கும், முதல் இடம் யாருக்கு, இரண்டாம் இடம் யாருக்கு என்று வரிசை இருக்கும். நூலக உதவியாளர் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்தை நிரப்பவில்லை. வேலை மட்டும் அப்படியே இருக்கிறது, அதை ஏஜென்சிக்கு விடுகிறார்கள். ஏஜென்சியிடம் எந்தப் பதிவேடு? யாரும் சட்டத்தைத் திருத்தவில்லை, அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுவதை நிறுத்தவில்லை, சமூகநீதி நாள் உறுதிமொழியும் எடுத்தாயிற்று. 18 விழுக்காடு மட்டும் காற்றோடு போய்விட்டது. அதே கட்டடத்தில் தூசி தட்டவும் கக்கூஸ் கழுவவும் ஏஜென்சி அனுப்புகிற ஆட்களைப் போய்ப் பாருங்கள். அந்த வேலை மட்டும் எந்தப் பதிவேடும் இல்லாமல், கேட்காமலே நம் ஆட்களுக்குக் கிடைத்துவிடுகிறது. புத்தகத்தைத் துடைக்கலாம், எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிற நாற்காலியில் உட்காரக் கூடாது.

அந்த நாற்காலி ஏன் முக்கியம்? பாமாவின் கருக்கு 1992இல் வந்தது. நம் மாவட்டத்துக்காரர், வத்திராயிருப்பு பக்கம் புதுப்பட்டி. அந்தப் புத்தகத்தைத் தமிழ் இலக்கியம் என்று வைப்பதா, வாழ்க்கை வரலாறு என்பதா, சமூகக் குழுக்கள் என்று டூவி முறையில் 305 போட்டுத் தள்ளிவிடுவதா? எங்கே வைக்கிறோமோ அங்கே உள்ள வாசகன்தான் பார்ப்பான். இலக்கியம் படிக்கிற பையன் கண்ணில் அது படுமா படாதா என்பதை ஒரு நூலக உதவியாளர் பென்சிலால் எழுதுகிற எண் தீர்மானிக்கிறது. சிறுபத்திரிகைகளை பைண்டு செய்து வைப்பதா, எடைக்குப் போடுவதா என்பதும் அவர் கையில்தான்.

எடைக்குப் போட்டதன் விலை நமக்குத் தெரியும். அயோத்திதாசர் 1907இலிருந்து 1914இல் சாகும்வரை வாராவாரம் பத்திரிகை நடத்தினார். அத்தனை எழுத்தும் தொகுப்பாக நம் கைக்கு வந்தது 1999இல், ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து. நடுவில் எண்பத்தைந்து வருஷம். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைச் சொந்தப் பொறுப்பில் தேடிப் பாதுகாத்திராவிட்டால் அந்தத் தொகுப்புக்கு மூலமே கிடைத்திருக்குமா? கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்ததும் தனி ஆளாகத்தான். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரத்தை வாங்கிக் காப்பாற்ற சிகாகோ பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது. இங்கே இருந்த பல்கலைக்கழகங்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்று நான் கேட்கப் போவதில்லை, பதில் தெரியும்.

இப்போது எல்லாம் இணையத்தில் இருக்கிறது, ஆள் எதற்கு என்கிறார்கள். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒரே நாடு ஒரே சந்தா என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருக்கிற எல்லோருக்கும். திட்டம் தப்பு என்று சொல்ல மாட்டேன். அருப்புக்கோட்டையிலிருந்து போய் அரசுக் கல்லூரியில் படிக்கிற பையனுக்கும் ஐஐடி பையனுக்கும் ஒரே கதவு என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் பணம் போவது வெளிநாட்டுப் பெரும் பதிப்பகங்களுக்கு. தமிழில் வந்த ஒரு தலித் சிறுபத்திரிகையும் அந்தக் கதவுக்குப் பின்னால் இல்லை. அடுத்தது, கதவு திறந்திருக்கிறது என்று அந்தப் பையனுக்கு யார் சொல்வது? பதின்மூன்றாயிரத்தில் தனக்கு வேண்டிய ஒன்றை எப்படித் தேடுவது என்று பக்கத்தில் உட்கார்ந்து யார் காட்டுவது? அப்பா பேராசிரியராக இருந்தால் வீட்டிலேயே ஆள் இருக்கிறது. கரிமூட்டக்காரன் மகனுக்கு நூலக உதவியாளரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

நூலகம் அரசு போடுகிற பிச்சை என்று நினைப்பவர்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அம்மா பெயரில் இருக்கிற காலனி வீட்டுக்கு நான் வரி கட்டுகிறேன், அதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கும். 1948ஆம் வருஷத்து நூலகச் சட்டத்தில் வந்தது, இப்போது வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. சேரியில் இருக்கிற வீடும் கட்டுகிறது. அந்த வரி பொது நூலகத்துக்குப் போவது, பல்கலைக்கழகத்துக்கு அல்ல, தெரியும். ஆனால் ஊர்ப்புற நூலகத்தில் சொற்ப ஊதியத்துக்கு ஒற்றை ஆளாகத் திறந்து பூட்டுகிறவரும், பல்கலைக்கழகத்தில் ஏஜென்சி ஆளாக நிற்கிறவரும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர்கள். மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல், போய்ப் பார்த்தேன், சந்தோஷமாகவே இருந்தது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் பாதியாவது திருச்சுழிப் பக்கத்து ஊராட்சிகளில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டின நூலகக் கட்டடங்களுக்கு வரக் கூடாதா? அதில் எத்தனை இன்றைக்குத் திறந்திருக்கிறது என்று ஊருக்கு ஒரு தம்பி போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேலைக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது, பத்து ரூபாய்தான் செலவு, முப்பது நாளில் பதில் தர வேண்டும். மனுவை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கேள்வி நாலுதான். உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்று நிரப்பியிருப்பது எத்தனை. காலியிடம் ஒவ்வொன்றும் இனச்சுழற்சியில் யாருக்கு உரியது. ஏஜென்சி வழியாக எத்தனை பேர், ஏஜென்சிக்குத் தலைக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள், அவர் கைக்கு எவ்வளவு போகிறது. கடந்த பத்து வருஷத்தில் நூலகம் திறந்திருந்த நேரம் எப்படி மாறியது. இங்கே நீங்கள் ஐந்தாறு பல்கலைக்கழகங்களில் படிக்கிறீர்கள். ஆளுக்கு ஒன்று அவரவர் பெயரில் போட வேண்டும். பெயர் போடத் தயங்குகிறவர்கள், கைடு கோபிப்பார் என்று பயப்படுகிறவர்கள் இருப்பீர்கள், அந்தப் பயம் நியாயமானதுதான். அவர்களுக்குப் பதிலாக என் பெயரில் போடுகிறேன், நான் இந்த நாட்டுக் குடிமகன்தானே. மனு நகல் அந்த மேஜையில் இருக்கிறது. டீ வந்துவிட்டது போல, குடித்துக்கொண்டே எழுதலாம்.